யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். இதை வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிக்கொள்வதுதான் எனக்குப் பெருமை. ஐந்தாம் வகுப்போடு பஸ் கிளீனராக ஏறினேன். டிரைவரானேன். சொந்தமாகப் பஸ் வாங்கினேன். பிறகு கள்ளக்குறிச்சிக்கும் சங்கராபுரத்துக்கும் நடுவில் ஒரு கல்லூரியே கட்டினேன். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் என் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நேர்காணலுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் இப்படி இன்னொரு ஆளைக் காட்டுங்கள், என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

இப்போது பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். தாளாளர், செயலாளர் என்று புதிதாகக் கல்லூரி நிர்வாகத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். கட்டடம் கட்டுவது, அனுமதி வாங்குவது இதையெல்லாம் எழுதப்போவதில்லை. அதற்கு உங்களிடம் ஆள் இருக்கிறது. அறை நிறைய ஜனம் நின்றுகொண்டு இப்போதே முடிவைச் சொல் என்று கேட்கும்போது உங்கள் வாயிலிருந்து என்ன வார்த்தை வரவேண்டும் என்பதற்குத்தான் ஆள் கிடையாது. அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஆக்டிங் பற்றிச் சொல்லியாக வேண்டும். பஸ் தொழிலில் நிரந்தர டிரைவர் லீவு போட்டால் அவருக்குப் பதிலாக வண்டி எடுக்க வருகிறவரை ஆக்டிங் டிரைவர் என்போம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை போகிற வண்டி. முதல் நாள் நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும், ஏறியிருந்த ஜனம் என் முகத்தைப் பார்த்தது. மீசைகூடச் சரியாக முளைக்காத முகம்.

"ஆக்டிங்கா? மலைக்கு ஆக்டிங்கா அனுப்பறாங்க? எறங்குங்கப்பா" என்று ஒரு பெரியவர் மூட்டையைத் தூக்கினார். அவர் பின்னால் நாலு பேர் எழுந்தார்கள்.

வண்டி முதலாளி ஷெட்டிலிருந்து வந்தார். யாரிடமும் வாதம் பண்ணவில்லை. வண்டியில் ஏறி, எனக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்து, துண்டை மடித்து மடியில் போட்டுக்கொண்டு, "எட்ரா" என்றார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மலை மேலே போய்ச் சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போதுதான் என் தோளைத் தட்டி, "நீ ஆக்டிங்குன்னு வளைவுக்குத் தெரியாதுடா. அத்த மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ" என்றார்.

கல்லூரி ஆரம்பித்த பிறகு, விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக ஒரு வருஷம், அரை வருஷம் என்று வருகிற தற்காலிக ஆசிரியர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும். பல இடங்களில் அவர்களுக்குப் பெயர்ப்பலகையில் பெயர் கிடையாது, ஆசிரியர் அறையில் ஒரு அலமாரித் தட்டு கிடையாது. பாடம் மட்டும் அதே பாடம், பரீட்சையும் அதே பரீட்சை. என் கல்லூரியில் முதல் நாளே பெயர் எழுதச் சொல்லிவிடுவேன். இதை முதலில் செய்தவன் நான்தான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

சம்பவத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்று மையம் எங்கள் வளாகத்தில் நடந்தது. ஆசிரியர்களை எடுப்பது எங்கள் பொறுப்பு. இடைக்கால வரலாறும் தொடக்ககால இஸ்லாமிய வரலாறும் நடத்திய பேராசிரியர் ஆராய்ச்சிக்காக ஒரு வருஷம் விடுப்பில் போனார். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும்.

"ஒட்டகமும் பாலைவனமும் நம்ம பக்கத்துப் புள்ளைங்களுக்கு எதுக்குங்க?" என்று எங்கள் முதல்வரைக் கேட்டேன். அரசுக் கல்லூரியில் ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் வந்தவர் அவர். கல்லூரி என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். தன் பெயரை எங்கேயும் போடக் கூடாது என்பார். இங்கேயும் போடவில்லை.

"மொதலாளி, உங்க வண்டி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டையே சுத்திக்கினு இருந்தா அத்த ரூட்டுன்னு சொல்லுவீங்களா?" என்றார். ஆள் எடுக்க அன்றே விளம்பரம் கொடுக்கச் சொன்னேன்.

நேர்காணலில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். நான் கடைசி பெஞ்சில் உட்காருவேன். ஐந்தாம் வகுப்புக்காரனுக்குப் புரிந்தால் பிள்ளைகளுக்குப் புரியும். அன்று இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவருக்கு மேடைக் குரல். போர்க்களத்தையே வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டார். ராஜா எதிரியிடம் என்ன சொன்னார், எதிரி என்ன பதில் சொன்னார் என்று பக்கத்தில் நின்று கேட்டவர் மாதிரி பேசினார். நான் கைதட்டினேன்.

இரண்டாவதாக வந்தவர் செல்வராணி. களமருதூர்ப் பெண். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். ஆராய்ச்சிக்காக அரபி படித்தவர். மெல்லிய குரல். சாக்பீஸை எடுத்துக்கொண்டு நேராகக் கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு ஒரு செய்தி வருது. உண்மையா பொய்யான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

"மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேம்மா" என்றேன்.

"சொன்னவரு செத்துப் பல தலைமுறை ஆயிருந்தா?"

அவர் போர்டில் ஒரு கோடு போட்டு அதன் மேல் வரிசையாகப் புள்ளி வைத்தார். அந்தக் காலத்து அரபு அறிஞர்கள் ஒரு செய்தியை எழுதும்போது அதற்கு முன்னால் ஒரு வரிசையை எழுதுவார்களாம். இதை எனக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார், அவருக்கு நேரில் பார்த்த இன்னார் சொன்னார் என்று. பிறகு ஒவ்வொரு புள்ளியாக நோண்டுவார்களாம். இந்த ஆள் அந்த ஆளைச் சந்தித்திருக்க முடியுமா, ஞாபகசக்தி எப்படி, சொல்வதில் இவருக்கு ஏதாவது லாபம் உண்டா என்று. ஒரு புள்ளி உடைந்தால் செய்தியைச் சந்தேகத்தில் வைப்பார்கள்.

"முன்னாடி வந்தவரு அந்த ராஜா பேசனதெல்லாம் சொன்னாரே, அது நிஜமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க ஐயா. அது ரெண்டு விதமா வந்திருக்கு. ஒண்ணு சொன்னவரு அந்த ஊர்ல இருந்தவரு. இன்னொண்ணு சொன்னவரு ரொம்பப் பின்னாடி பொறந்தவரு. மொதல்ல சொன்னவரு மேல எனக்கு நம்பிக்கை ஜாஸ்தி. ஆனா தெரியும்னு சொல்ல மாட்டேன்."

தெரியாது என்று சொல்கிற வாத்தியாரை எவனாவது வேலைக்கு எடுப்பானா? முதல் ஆளுக்கே கொடுத்துவிடலாம் என்று முதல்வர் காதில் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வண்டியில சத்தம் வருதுன்னா, பாக்காமயே 'அது ஒண்ணும் இல்ல'ன்னு சொல்ற மெக்கானிக்க வெச்சிக்குவீங்களா, 'தெரியல, கழட்டிப் பாக்கணும்'னு சொல்றவன வெச்சிக்குவீங்களா?"

செல்வராணியின் பெயர் மறுநாளே பலகையில் ஏறியது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பழைய நாணயத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று பிள்ளைகளே எழுத்துக்கூட்டிப் பார்க்கட்டும் என்று அரபி எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போர்டில் எழுதிக் காட்டுவார். ஜன்னல் ஓரமாக நானும் சில நாள் நின்று பார்த்ததுண்டு.

ஒரு நாள் காலையில் டயர் கடை பாயிடமிருந்து போன். என் வண்டிகளுக்கெல்லாம் ஆரம்பத்திலிருந்து டயர் போடுகிறவர். எனக்கு நல்லதைத் தவிர வேறு நினைக்காதவர்.

"மொதலாளி, உங்க காலேஜ்ல எங்க எழுத்த வெச்சி கேலி பண்றாங்களாமே. பொண்ணுங்க கையில கிறுக்கிகினு திரியுதாம். எங்காளுங்க சூடா இருக்காங்க. நான்தான் நில்லுங்கப்பா, அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு பிடிச்சி வெச்சிருக்கேன்."

கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ஆறிய டீயைக் கையில் எடுப்பதற்குள் கதவு திறந்தது. ராமலிங்கம் வந்தார், பின்னால் ஒரு கூட்டம் வந்தது.

நைனார்பாளையத்து ராமலிங்கம் பெரிய விவசாயி. கல்லூரி நிற்கிற நிலத்தில் பாதி அவர் கொடுத்தது. என்னை அண்ணே என்பார். அவர் மகள் கோமதி இதே முதுகலை வரலாற்று வகுப்பில் படிக்கிறாள். பெண்ணுக்குக் கல்யாணத்தைப் பண்ணாமல் எதற்கு இன்னும் படிப்பு என்று சொந்தக்காரர்கள் குடைந்துகொண்டிருந்தார்கள். அதில் முன்னால் நிற்கிறவர் அவருடைய மச்சான், அதாவது கோமதியின் தாய்மாமன். அந்த மச்சானும் அன்று கூட்டத்தில் இருந்தார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"அண்ணே, அந்தக் களமருதூர்ப் பொண்ணு நம்ம புள்ளைங்கள மதம் மாத்திகினு இருக்குது" என்றார் ராமலிங்கம். "பொம்பளப் புள்ளைங்க கையில மந்திரம் எழுதி வூட்டுக்கு அனுப்புதாம். இன்னிக்கே அனுப்பிடுங்க. டெம்ப்ரவரிதானே, ஒரு வரி எழுதினாப் போதும்."

"நாளைக்கு வெச்சிக்கலாம்ன்ற பேச்சே வேணாம்" என்றார் மச்சான். "மத்தியானத்துக்குள்ள முடிவு தெரியணும்."

ராமலிங்கம் சொன்னது உண்மைதான். ஒரு வரி எழுதினால் போதும். கூட்டம் கலைந்துவிடும், நிலம் கொடுத்தவர் மனம் குளிரும், நான் டீயைக் குடிக்கலாம். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதல்வர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பேச்சோட வெளிய போனா அந்தப் பொண்ண எந்தக் காலேஜும் உள்ள சேக்காது மொதலாளி. அவ படிப்பே இதோட முடிஞ்சிது."

செல்வராணியைக் கூப்பிட்டேன். வகுப்பிலிருந்து கையில் சாக்பீஸ் தூளோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொல்லி, "இன்னா நடந்ததும்மா?" என்று கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

"நான் அப்படி எதுவும் செய்யலைங்க ஐயா. ஆனா என்னைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க. இதுல எனக்கு லாபம் இருக்கு. லாபம் இருக்கிறவங்க சொல்றத அப்படியே எடுத்துக்கக் கூடாதுன்னுதான் நானே நடத்துறேன். மத்தவங்களக் கேளுங்க."

"பாத்தீங்களா, வாய" என்றார் மச்சான்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பாய் சொன்னது என்ன? அவர்கள் எழுத்தைக் கேலி செய்கிறார் என்று. இவர்கள் சொல்வது என்ன? அந்த மதத்துக்கே ஆள் சேர்க்கிறார் என்று. ஒரே பெண், ஒரே வகுப்பு. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? மலைப்பாதையில் பிரேக் சரியில்லை என்று தோன்றினால் நான் பிரேக்கை இன்னும் அழுத்த மாட்டேன். கியரைக் குறைப்பேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

"தம்பி, உனுக்கு யாரு சொன்னது?"

"மச்சான்தான் சொன்னாரு."

"உங்களுக்கு?"

மச்சான் கொஞ்சம் நெளிந்தார். "உங்க வண்டி கண்டக்டர் ஏழுமலதான்."

பாய்க்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். "பாய், உங்க எழுத்தக் கேலி பண்றாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"ஏழுமலதான் மொதலாளி. டயர் எடுக்க வந்தப்ப சொன்னான்."

கூட்டத்தில் பின்னால் நின்ற ஒருவர், "ஒரே டிக்கெட்ட ரெண்டு பேருக்குக் கிழிச்சிருக்கானே" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. சிரிக்கிற கூட்டம் அடிக்காது.

எல்லோரையும் கேன்டீனுக்குப் போய் வடை சாப்பிடச் சொன்னேன். முதல்வர் அவர்களுக்குத் துணைக்கு உட்கார்ந்தார். நானும் ராமலிங்கமும் மட்டும் காரில் கிளம்பினோம். மச்சானும் கதவைத் திறந்தார். "நீங்க இங்க இருந்தாத்தான் கூட்டம் அடங்கி இருக்கும். உங்க பேச்சுக்குத்தான் மரியாத ஜாஸ்தி" என்றேன். கதவை மூடிவிட்டுக் கேன்டீனுக்கே திரும்பிவிட்டார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஏழுமலை வண்டிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னையும் ராமலிங்கத்தையும் சேர்த்துப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"நீ உன் கண்ணால பாத்தியா?"

"இல்லிங்க மொதலாளி. நைனார்பாளையத்துல தையல் மிஷின் வெச்சிருக்குதே அஞ்சல, அதுதான் வண்டியில வரும்போது சொல்லுச்சு."

"அது இன்னா சொல்லுச்சு? வார்த்த மாறாம சொல்லு."

"காலேஜ் பொண்ணு ஒண்ணு கையில மருதாணியில அரபி எழுத்து வெச்சிருக்குன்னு சொல்லுச்சு."

"மந்திரம்னு சொல்லுச்சா? கேலின்னு சொல்லுச்சா?"

ஏழுமலை தலையைச் சொறிந்தான். "அது... கேக்கறவங்களுக்கு ஏத்தா மாதிரிதானே மொதலாளி பேசணும். அவங்க அவங்க மூஞ்சியப் பாத்தா அதுவா வருது."

அடுத்து அஞ்சலை. கார் சின்னசேலம் ரோட்டில் திரும்பியதும் எனக்கு ஒன்று உறைத்தது. நைனார்பாளையத்துத் தையல்காரி அளவெடுக்கிற வீடுகள் எந்த ஊரில் இருக்கும்? அந்த ஊரிலிருந்து எங்கள் வரலாற்று வகுப்புக்கு வருகிற பெண் ஒருத்திதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரின் மகள். அவருக்கு அது இன்னும் எட்டவில்லை. கண்ணாடி வழியாகக் கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டியைத் திருப்பிவிடலாமா என்று யோசித்தேன். ஏழுமலை கயிறு திரித்துவிட்டான் என்று சொல்லி இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் வரிசையில் பாதியில் நின்ற செய்தி பாதி உயிரோடுதான் இருக்கும். இன்றைக்குப் போனாலும் அடுத்த மாதம் திரும்பி வரும். அன்றைக்குச் செல்வராணி தப்ப மாட்டார். அதே சமயம் இது கூட்டத்தின் நடுவில், அதுவும் அந்த மச்சான் காதில் விழுந்திருந்தால் கோமதியின் படிப்பு அன்று சாயங்காலமே முடிந்திருக்கும். ஒரு பெண்ணைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணைத் தள்ளிவிட முடியாது. காரில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தது என் நல்ல நேரம். நல்ல நேரம் என்று அடக்கமாகச் சொல்கிறேன். அது என் மூளை.

அஞ்சலை மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "வாங்கண்ணே" என்றவளிடம் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"உங்க வூட்லதாங்கண்ணே" என்றாள் ராமலிங்கத்தைப் பார்த்து. "கோமதிக்கு ஜாக்கெட்டு அளவெடுக்க வந்தேனே, கைய நீட்டுச்சு. கோலம் மாதிரி அழகா இருந்துச்சு. இன்னா பாப்பா இதுன்னேன். அரபி எழுத்துக்கான்னுச்சு. பஸ்ஸுல பேச்சோட பேச்சா சொன்னேன். அதுல இன்னாண்ணே?"

ராமலிங்கம் துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டிலிருந்து கிளம்பிய செய்தி பஸ் ஏறி ஊரைச் சுற்றி, உடுப்பு மாற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. அதைத்தான் அவர் கூட்டம் சேர்த்துக்கொண்டு வந்து என் மேஜையில் போட்டிருக்கிறார்.

காருக்கு வந்ததும் அவருக்குக் கோபம் ஏறியது. "இன்னியோட அவளுக்குக் காலேஜ் முடிஞ்சிதுண்ணே. மச்சான் சொன்னது சரியாப்பூடுச்சி."

"இரு தம்பி. வரிசையில இன்னும் ஒரு ஆளு பாக்கி இருக்குது. மொத ஆளு அதுதான். அத்தக் கேக்காம தீர்ப்பு சொல்லக் கூடாது. நான்தான் கேப்பேன், நீ சத்தம் போடக் கூடாது. இத்தினி வருஷத்துல உன்கிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல, இத்த கேக்கறேன்."

அன்று கோமதி தலைவலி என்று வீட்டில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும், "வாங்க பெரியப்பா" என்று எழுந்தாள்.

"கையக் காட்டும்மா. இன்னா எழுதியிருக்குது?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு கையை விரித்தாள். மருதாணி கொஞ்சம் வெளுத்திருந்தது. உள்ளங்கையின் குறுக்கே ஒரே வரி.

"பேருதான் பெரியப்பா."

"யாரு பேரு?"

"கோமதி பின்த் ராமலிங்கம். பின்த்னா மகள். அந்தக் காலத்துல அங்க இனிஷியல் எல்லாம் கிடையாது. இன்னாரோட மகள் இன்னார்னு முழுசா சொல்லுவாங்க. பேரக் கேட்டாலே எந்த வழியில வந்தவங்கன்னு தெரிஞ்சிடும். மேடம் எங்க எல்லாரையும் அவங்கவங்க பேர அப்படி எழுதச் சொன்னாங்க. நோட்டுலதான் எழுதச் சொன்னாங்க. கையில நானா வெச்சிக்கினேன். மேடத்துக்கு இது தெரியாது."

சத்தம் போடாதே என்று சொல்லியிருந்தேன், ராமலிங்கம் சத்தம் போடவில்லை. மகளின் கையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

"இதுல எது எம் பேரு?"

"வலது பக்கத்துலேர்ந்து படிக்கணும்ப்பா. இது நான். இது பின்த். இங்கேர்ந்து கடைசி வரைக்கும் நீ."

அவர் அந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். மருதாணி வெளுக்க ஆரம்பித்திருந்ததால் அவர் பெயரின் ஓரம் மங்கலாக இருந்தது. "இவ்ளோ நீட்டா இருக்குதா எம் பேரு" என்றார். நான் பார்க்கக் கூடாது என்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கல்லூரிக்குத் திரும்பினோம். கூட்டத்திடம் என்ன சொல்வது என்று நான் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கேன்டீனில் வடை தீர்ந்திருந்தது. எல்லோரும் எழுந்து வந்தார்கள்.

"வெசாரிச்சிட்டேன்" என்றார் ராமலிங்கம். "மந்திரமும் இல்ல, கேலியும் இல்ல. பழைய எழுத்துல பேரு எழுதப் பழகறாங்க. அவ்ளோதான்."

"எவன் சொன்னது?" என்றார் மச்சான். "பாத்தது யாரு?"

"நான் பாத்தேன்" என்றார் ராமலிங்கம். "எங் கண்ணால பாத்தேன். இதுக்கு மேல யார்னா பேசனா எங்கிட்ட வந்து பேசுங்க."

நேரில் பார்த்தவர் சொல்லிவிட்டார். வரிசை அங்கே முடிந்தது. மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பாய்க்கு நானே போன் பண்ணினேன்.

மறுநாள் காலையில் செல்வராணியின் வகுப்பில் கடைசி பெஞ்சில் நான், என் ஒரு பக்கம் ராமலிங்கம், இன்னொரு பக்கம் டயர் கடை பாய். என் பழைய முதலாளி மாதிரி துண்டை மடித்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முன் பெஞ்சில் கோமதி இருந்தாள். செல்வராணி எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பாடத்தை நடத்தினார். வெளியே வந்ததும் பாய் சொன்னார்: "பொண்ணு உச்சரிப்பு சுத்தமா இருக்குது மொதலாளி. எங்காளுங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்." ராமலிங்கத்துக்கு என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை, அது போதும்.

ஏழுமலையை என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. வார ஓய்வு நாளில் வந்து அந்தப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். "இன்னா மொதலாளி, நான் எம்.ஏ.வா படிச்சேன்?" என்றான். "நானே அஞ்சாவதுடா, உக்காரு" என்றேன். பிறகு அவன் வண்டியில் யாராவது வதந்தியை ஆரம்பித்தால், "நீ பாத்தியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டானாம். பயணிகளுக்கு அது பெரிய தொந்தரவாகப் போய்விட்டது.

வருஷம் முடிந்தது. விடுப்பில் போன பேராசிரியர் திரும்பி வந்தார். செல்வராணிக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடம் கிடைத்தது. போகிற அன்று என் அறைக்கு வந்தார்.

"அந்தச் செய்தி கடைசியில எங்க போய் நின்னுச்சு ஐயா?"

"பாத்த ஆளுகிட்டப் போயி நின்னுதும்மா."

அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தக் கை யாருடையது என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கோமதியே பிறகு சொல்லியிருக்கலாம். அவள் இப்போது ஆசிரியை. இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க பெரியப்பா, பேர மட்டும் மாத்திடுங்க" என்று அவள்தான் அனுமதி கொடுத்தாள்.

கிளம்பும்முன் செல்வராணி, "உங்க பேரையும் எழுதித் தரட்டுமா ஐயா?" என்று கேட்டு ஒரு தாளை எடுத்தார். என் பெயரை வலமிருந்து எழுதிவிட்டு நிறுத்தினார். "உங்க அப்பா பேரு?"

அதை யாரும் என்னிடம் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. கல்லூரி வாசல் வளைவில், கல்வெட்டில், பஸ் கண்ணாடியில் எல்லாம் என் பெயர் தனியாகத்தான் நிற்கும். நானே முளைத்து நானே வளர்ந்தவன் என்று மேடையில் பேசி எனக்கும் அது பழகிவிட்டது.

"சின்னப்பன். எரு வண்டி ஓட்டினவரு" என்றேன். "மாட்ட அடிக்காம ஓட்டுவாரு. ஓட்டறதுன்னா இன்னான்னு அவர்கிட்டதான் மொதல்ல பாத்தேன்."

எழுதினார். "அவருக்கு அப்பா?"

"தெரியாதும்மா."

அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. அவர் சிரித்துவிட்டு அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். தெரிந்த வரைக்கும்தான் எழுத வேண்டும் என்றார்.

அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடம் படித்துக் காட்டுவேன். இந்த ஊரில் அரபியில் பெயர் மாட்டியிருக்கிற பஸ் முதலாளி நான் ஒருவன்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

நாளைக்கு உங்கள் மேஜையின் முன்னாலும் கூட்டம் நிற்கும். பேனாவை எடுக்கச் சொல்வார்கள். அப்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். வேறு யாருக்காவது சொல்வதானால் வரிசையோடு சொல்லுங்கள். இதைச் சொன்னவன் சின்னப்பன் மகன். ஆக்டிங் பையன் பின்னால் உட்காரலாம் என்று அவனுக்குக் காட்டியவர் ஒரு பஸ் முதலாளி. தெரியாது என்பவரை விட்டுவிடாதே என்று சொன்னவர் ஒரு முதல்வர். யார் சொன்னது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வருஷத்துக்கு வந்த ஆசிரியை. சின்னப்பன் மகன் எல்லாவற்றையும் நேரில் பார்த்தவன். ஞாபகசக்திக்குக் குறைவில்லை. தன்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள்.